கடல் கடக்கும் மீனும் மலையேறும் மீனும்

ஐரோப்பாவுக்குச் செல்லும் இலங்கை மீனில் பாதரசம் எவ்வளவு, கதமியம் எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று ஆய்வுகூடங்கள் கணக்குக் காட்டியாகவேண்டும். சுறா, தளபத்து போன்ற பெருமீன்களில் ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருத்தலாகாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். அதே கடலிற் பிடிபட்டு, உப்பிட்டு, வெயிலில் உலர்ந்து, சாக்கிற் கட்டுண்டு பதுளைக்கும் பசறைக்கும் லுணுகலைக்கும் வந்துசேரும் கருவாட்டுக்கு யார் கணக்குக் காட்டுகின்றனர்?

ஊவாத் தோட்டங்களில் கருவாடு வெறும் தொட்டுக்கொள்ளும் பொருளன்று. பச்சை மீனும் இறைச்சியும் எட்டாத குடும்பத்துக்கு அதுவே புரதம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டக் குழந்தைகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். அத்தகைய குழந்தையின் தட்டில் விழும் ஒரு துண்டில் இரும்பும் நாகமும் செலனியமும் எவ்வளவு என்பதும், நஞ்சு உண்டா என்பதும் அறியத்தக்கவையல்லவா?

அறிவதற்கு வழி உண்டு. 1936ஆம் ஆண்டிலேயே ஹெவெசியும் ஹில்டே லெவியும் காட்டிய முறை அது. பொருளின் சிறுதுளியை நியூத்திரன்களுக்கு உட்படுத்தினால், அதிலுள்ள தனிமங்கள் சிறிது காலம் கதிர்வீசும். ஒவ்வொன்றும் தனக்கே உரிய சக்தியுடைய காமாக் கதிரால் தன்னைக் காட்டிக்கொடுக்கும். எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, திரும்பிவரும் ஒளிர்வைக் கொண்டு தனிமங்களை இனங்காணும் முறையும் உண்டு. அணு என்றதும் அஞ்சுவோர்க்கு ஒரு சொல்: சோதனைக்கு எடுத்த துளி எவர் சமையலறைக்கும் திரும்புவதில்லை.

கொழும்பு ஒறுகொடவத்தையிலுள்ள இலங்கை அணுசக்திச் சபையிடம் எக்ஸ் கதிர்க் கருவி இருக்கிறது. இரும்பு, நாகம், செம்பு ஆகியவற்றை அளக்க அது போதும். அற்ப அளவிலான பாதரசத்துக்கு அது போதாது. நியூத்திரன் முறைக்கு அணு உலை வேண்டும். அது இந்நாட்டில் இல்லை. ஆனால் பாக்கு நீரிணைக்கு அப்பால் கல்பாக்கத்தில் காமினி என்னும் ஆய்வு உலை 1996 முதல் உண்டு. இருநாட்டு அரசுகளும் 2015 பெப்ரவரியில் அணுசக்தி ஒத்துழைப்பு உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. அவ்வுடன்படிக்கை மலைநாட்டுக் கருவாட்டுக்கும் பயன்படட்டுமே!

கருவாட்டை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பச்சை மீனில் ஏறத்தாழ முக்காற்பங்கு நீர். உலரும்போது நீர் போகும், பாதரசம் போகாது. கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் பாதரசமுள்ள 100 கிலோ மீன் 40 கிலோவாக உலர்ந்தால், உப்பை விலக்கிப் பார்க்க, கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்றாகும். சமைத்தாலும் அது நீங்காது. உலர்த்தலால் வரும் இச்செறிவைக் கருத்திற் கொள்ளுமாறு ஐரோப்பியச் சட்டமே கூறுகிறது. கருவாட்டைக் குறைவாகத்தானே உண்கிறோம் என்பர், மெய்தான். எனவே எத்தனை கிராம் உண்கின்றனர் என்பதையும் அளக்கவேண்டும்.

எல்லாக் கருவாடும் ஒன்றன்று. சிறு மீனைத் தின்று பெருத்த சுறாவில் சேரும் பாதரசம் நெத்தலியிற் சேர்வதில்லை. ஆசனிக்கு வேறொரு கதை: கடல்மீனில் அதன் பெரும்பகுதி தீங்கற்ற சேர்வையாகவே இருக்கும். இவ்விரு முறைகளும் மொத்த அளவையே கூறும். வேதியியலார் பிரித்துக் காட்டாத மொத்தக் கணக்கைப் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் இட்டால் பீதியே விளையும். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது மக்கள் மீன் வாங்க அஞ்சியதையும், மீனவர் வயிறு காய்ந்ததையும் கண்டோம். ஆகவே கருவாட்டைக் கைவிடுங்கள் என்று நாம் எவருக்கும் கூறவில்லை.

பதுளைச் சந்தையிலிருந்து சுறா, நெத்தலி, கீரி ஆகிய கருவாடுகளையும், மகியங்கனைப் பக்கத்துக் குளங்களின் திலாப்பியாவையும் மாதந்தோறும் எடுத்து அளக்கவேண்டும் என்று கேட்கிறோம். நீர்வாழ் வளம் கற்பிக்கும் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பதுளையிலேயே இருக்கிறது. மாதிரி சேகரிப்பதை அதனிடம் விடலாம். பெறுபேறு உலர் எடைக்கா, ஈர எடைக்கா என்பதைத் தெளிவாகக் குறித்து, தோட்ட மருந்தகத்திலும் கூட்டுறவுக் கடையிலும் தமிழில் ஒட்டவேண்டும். மலையக வாக்குகளால் பாராளுமன்றம் சென்றவர்கள் வரும் வரவுசெலவுத்திட்ட விவாதத்தில் இதற்கான தொகையைக் கேட்பார்களா?