அபின் விளையும் நாட்டில் தணியாத வலி

புற்றுநோயாளிகளின் கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் புதிய மருந்துமல்ல, விலை உயர்ந்த மருந்துமல்ல. அதன் மூலப்பொருளான அபினைச் சட்டபூர்வமாக உற்பத்தி செய்யும் முக்கிய நாடுகளில் ஒன்று இந்தியா. ஆயினும், அந்நாட்டின் புற்றுநோயாளிகளில் பெரும்பாலோருக்கு அம்மருந்து எட்டாத ஒன்றாகவே இருந்து வருகிறது.

இதற்குக் காரணம் மருந்துப் பற்றாக்குறை அல்ல. சட்டம், அச்சம், மருத்துவக் கல்வியில் நெடுங்காலம் நிலவிய வெற்றிடம் ஆகிய மூன்றுமே காரணங்கள்.

1985 ஆம் ஆண்டுச் சட்டம்

மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசின் உரிமம் பெற்ற விவசாயிகள் கசகசாச் செடியைப் பயிரிடுகின்றனர். அவர்களிடமிருந்து பெறப்படும் அபின், நீமச், காஜிபூர் ஆகிய இடங்களில் உள்ள அரசு ஆலைகளில் பதப்படுத்தப்படுகிறது. அதில் ஒரு பகுதி நெடுங்காலமாக வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகி வந்துள்ளது.

ஆனால், போதைப்பொருள் கடத்தலை ஒடுக்க 1985 இல் கொண்டுவரப்பட்ட சட்டம் மருத்துவப் பயன்பாட்டையும் சேர்த்தே முடக்கியது. ஒரு மருத்துவமனை மார்ஃபினை வாங்கிவைக்கப் பல உரிமங்கள் தேவைப்பட்டன. வெவ்வேறு துறைகள் வழங்கிய அவை அனைத்தும் ஒரே காலத்தில் செல்லுபடியாக வேண்டியிருந்தது. கடுமையான தண்டனைகளுக்கு அஞ்சிப் பல மருத்துவமனைகளும் மருந்தகங்களும் அம்மருந்தையே கைவிட்டன. அடுத்த சுமார் பத்தாண்டுகளில் இந்தியாவில் மார்ஃபினின் மருத்துவப் பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் வீழ்ந்தது.

உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கான படிநிலைச் சிகிச்சை முறையை 1986 இல் வெளியிட்டு, கடும் வலிக்கு மார்ஃபினைப் பரிந்துரைத்தது. உலகம் அதன் பயனை வலியுறுத்தத் தொடங்கிய அதே வேளையில் இந்தியாவில் அது மறையத் தொடங்கியது.

கேரளத்தின் அனுபவம்

இந்நிலைக்கு மாறான பாதை கேரளத்தில் உருவானது. மருத்துவர்கள் எம்.ஆர்.ராஜகோபால், சுரேஷ்குமார் உள்ளிட்டோர் 1993 இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு அமைப்பு, உள்ளூர்த் தன்னார்வலர்களின் துணையுடன் நோயாளிகளின் இல்லங்களுக்கே சென்று சிகிச்சை அளிக்கும் இயக்கமாக வளர்ந்தது. 2008 இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது.

கோழிக்கோட்டில் வாய்வழி மார்ஃபின் பெற்ற 1,700க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பற்றி 2001 இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. ஈராண்டுக் காலத்தில் மருந்து தவறான கைகளுக்குச் சென்றதாக ஒரு நிகழ்வுகூட அதில் பதிவாகவில்லை. மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் அது கடத்தப்படும் என்ற வாதம் அங்கு மெய்ப்படவில்லை.

திருத்தமும் தயக்கமும்

இவ்வியக்கத்தினரின் நீண்டகால முயற்சிகளுக்குப் பின், 2014 இல் இந்திய நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின் உள்ளிட்ட சில மருந்துகள் அத்தியாவசியப் போதை மருந்துகள் என வகைப்படுத்தப்பட்டன. பல உரிமங்களுக்குப் பதிலாக ஒரே அனுமதி போதும் என்றானது.

ஆயினும் சட்டம் மாறிய வேகத்தில் மனங்கள் மாறவில்லை. மார்ஃபின் என்றாலே மரணத்தின் அறிகுறி எனக் கருதும் குடும்பங்கள் பல. உடல் ஒரு மருந்துக்குப் பழகுவதும், அம்மருந்துக்கு அடிமையாவதும் வெவ்வேறு என்பது பலருக்கும் விளங்குவதில்லை. மலச்சிக்கல், குமட்டல், மயக்கம் போன்ற பக்கவிளைவுகள் உண்டு என்றாலும், பயிற்சி பெற்ற மருத்துவர் அவற்றைக் கட்டுப்படுத்த முடியும். அந்தப் பயிற்சி பெற்றோர் குறைவு என்பதே சிக்கல்.

அமெரிக்காவின் எச்சரிக்கை

மறுபுறம், அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதியிலிருந்து இவ்வகை வலி நிவாரணிகள் தாராளமாகப் பரிந்துரைக்கப்பட்டதால் பெரும் உயிரிழப்புகள் நேர்ந்தன. கட்டுப்பாடே வேண்டாம் என்பது தீர்வாகாது என்பதற்கு அது சான்று. ஆனால், மருந்து நிறுவனங்களின் தீவிர விளம்பரத்தால் விளைந்த அந்த நெருக்கடியைக் காட்டி, மருந்தே கிடைக்காத நாடுகளின் நோயாளிகளுக்கு அதை மறுப்பதும் நியாயமாகாது.

இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு வழி உண்டு என்பதற்கு உகாண்டா உதாரணம். அங்கு மார்ஃபின் தூளிலிருந்து குறைந்த செலவில் திரவ மருந்து தயாரிக்கப்படுகிறது. 2004 முதல், தனிப் பயிற்சி பெற்ற செவிலியரும் அதைப் பரிந்துரைக்கச் சட்டம் அனுமதிக்கிறது.

உகாண்டாவைவிட வளம் மிகுந்த இந்தியாவில் மூலப்பொருள், ஆலைகள், திருத்தப்பட்ட சட்டம், கேரளத்தின் முன்மாதிரி ஆகிய அனைத்தும் உள்ளன. ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் மருந்தையும் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவரையும் உறுதிசெய்யும் நிர்வாக உறுதியே இனித் தேவைப்படுவது. அதில் ஏற்படும் ஒவ்வொரு தாமதத்தின் விலையையும், தணிக்கக்கூடிய வலியைத் தாங்கிக்கொண்டிருக்கும் நோயாளிகளே செலுத்துகின்றனர்.