வாகனத்தின் நிறம் மங்காதிருக்க...

வாகனங்கள் வரிசையாக நிற்கும் ஏதாவதோர் இடத்தில், ஒரே வருடத்தில் தயாரான, ஒரே நிறமுடைய இரண்டு வேன்களைச் சற்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றின் மேல் வானத்தின் நிழல் தெரியும். மற்றதன் கூரையும் பொனற்றும் வெளிறி, திட்டுத் திட்டாகத் தோல் உரிந்திருக்கும். "அதற்கு அடித்தது நல்ல பெயின்ட், இதற்கு அடித்தது மட்டமான பெயின்ட்" என்று இலகுவாகச் சொல்லி விடுவோம். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. ஒன்று நிழலில் நின்றது, மற்றது வெயிலில் நின்றது. ஒன்றைக் கழுவினார்கள், மற்றதைத் தேய்த்தார்கள்.

இது அழகு பற்றிய விடயம் மாத்திரமல்ல. வீடு, வளவுக்கு அடுத்தபடியாக எமது குடும்பங்களில் பெருந்தொகைப் பணம் முடங்கியிருப்பது வாகனத்தில்தான். பலருக்கு அதுவே தொழில். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வேனும், கடைக்குச் சாமான் கொண்டுவரும் சிறு லொறியும் லீசிங் கட்டி முடியுமுன்பே வெளிறிப் போனால், நட்டம் அந்த வீட்டுக்குத்தான். 2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்து வருடங்களும் உள்ளதைப் பேணுவதன் பெறுமதியை எம் எல்லோருக்கும் உணர்த்தின.

பெயின்ட் எவ்வளவு தடிப்பு?

தொழிற்சாலையில் அடிக்கப்படும் பெயின்ட் ஒரே படையல்ல. தகரத்தின் மீது துருவைத் தடுக்கும் படை, அதற்கு மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்ற, கண்ணாடி போன்ற ஒரு படை. இந்தக் கடைசிப் படையைத்தான் பெயின்ட் பாஸ்மார் 'கிளியர்' என்கிறார்கள். நாம் காணும் பளபளப்பு நிறத்தினுடையது அல்ல, இந்தக் கிளியரினுடையது. நிறத்தை வெயிலிலிருந்து காப்பதும் இதுவே.

நான்கு படைகளையும் சேர்த்தாலும் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் முதல் 0.15 மில்லிமீற்றர்தான் வரும். நாம் எழுதும் ஒரு தாளின் தடிப்பு ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலும் கிளியரின் பங்கு 0.05 மில்லிமீற்றர் அளவுதான். தலைமுடியை விடவும் மெல்லியது. இந்த மெல்லிய தோல் ஒருமுறை போனால் திரும்ப வளராது. வாகனத்தின் நிறத்தைக் காப்பது என்றால் இந்தத் தோலைக் காப்பதுதான்.

மொரிஸ் மைனர் போன்ற பழைய கார்களில் இப்படித் தனியான கிளியர் கிடையாது. நிறமே மேற்படையாக இருக்கும். உங்கள் வாகனம் எந்த வகை என்று அறிய, கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் வெள்ளைத் துணியில் சிறிது பொலிஷ் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் வாகனத்தின் நிறம் ஒட்டினால் பழைய வகை. ஒட்டாவிட்டால் மேலே கிளியர் இருக்கிறது.

நிறத்தைத் தின்பது எது?

முதலாவது எதிரி வெயில். சூரிய ஒளியிலுள்ள கழியூதாக் கதிர்கள் பெயின்டின் இரசாயனப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கின்றன. இதைத் தாங்கும் பொருள்களைக் கிளியரில் கலந்தே அடிக்கிறார்கள். ஆனால் வருடங்கள் செல்ல அவையும் தீர்ந்து போகின்றன. எமது நாடு பூமத்திய ரேகைக்கு அண்மையில் இருக்கிறது. ஏப்ரல் முற்பகுதியிலும், மீண்டும் ஆகஸ்ட் கடைசி, செப்டெம்பர் முற்பகுதியிலும் நண்பகற் சூரியன் எமது தலைக்கு நேர் மேலே நிற்கிறது. எனவேதான் கதவுகள் நன்றாக இருக்கும்போதே கூரையும் பொனற்றும் முதலில் வெளிறுகின்றன.

எல்லா நிறமும் ஒரே விதமாக மங்குவதில்லை. பழைய சிவப்பு வாகனங்கள் சில வருடங்களில் இளஞ்சிவப்பாகி விடுவதைக் கண்டிருப்பீர்கள். சிவப்புச் சாயம் ஒளியின் வீரியம் கூடிய பகுதியை உறிஞ்சுவதால் விரைவில் சிதைகிறது. வெள்ளை மிகக் குறைவாகவே மங்கும். கறுப்பு வெப்பத்தை அதிகம் வாங்கும். சிறு கீறலும் அதில் தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது எதிரி பறவை எச்சம். வெயிலில் சூடேறிய பெயின்ட் சற்று இளகி விரிந்திருக்கும். அதன்மீது விழுந்த எச்சம் காய்ந்து இறுகும். மாலையில் பெயின்ட் குளிர்ந்து சுருங்கும்போது எச்சத்தின் வடிவம் அப்படியே பதிந்துவிடும். எச்சத்திலுள்ள அமிலமும் தன் வேலையைச் செய்யும். ஒரு நாள் தாமதமே போதும். நகத்தால் சுரண்டாதீர்கள். நனைத்த துணியை ஐந்து பத்து நிமிடம் அதன்மீது போட்டு வைத்தால் ஊறித் தானாகவே வந்துவிடும்.

மரத்துப் பாலும், நாவற்பழச் சாறும், கட்டட வேலை நடக்கும் இடத்துச் சீமெந்துத் தூளும் இவ்வாறே. சீமெந்துத் தூள் இரவுப் பனியில் நனைந்தால் பெயின்டை அரிக்கும். கரையோர ஊர்களில் இருப்போருக்கு உப்புக் காற்றும் ஒரு சோதனை. கல் பட்டுப் பெயின்ட் தெறித்த சிறு புள்ளிகளுக்குள் உப்பு புகுந்தால் துரு உள்ளே படர்ந்துவிடும். அத்தகைய புள்ளிகளைக் கண்டவுடன் சிறு தூரிகையால் பெயின்ட் தொட்டு மூடிவிட வேண்டும்.

தினமும் துடைப்பது நல்லதா?

எமது மாணவர் ஒருவரின் வாப்பா வேன் ஓட்டுகிறார். "மௌலவி, நான் ஒவ்வொரு நாளும் சுபஹுக்குப் பிறகு வேனைத் துடைக்கிறேன். அப்படியிருந்தும் ஏன் இப்படி மங்கிப் போகுது?" என்று கேட்டார்.

"எதனால துடைக்கிறீங்க?"

"பழைய சாரன் துண்டாலதான். தண்ணீர் படாமத்தான் துடைப்பன்."

பதில் அதிலேயே இருந்தது. இரவில் படியும் தூசு வெறும் தூசல்ல, நுண்ணிய மணல். அதை உலர்ந்த துணியால் இழுத்தால் கடதாசியால் மரம் தேய்ப்பதைப் போலத்தான். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. ஒரு வருடத்தில், வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரியும். நல்ல எண்ணத்தோடு செய்யும் வேலையே தோலைத் தேய்த்து விடுகிறது. தூசு இருந்தால் முதலில் தண்ணீரால் அதை இறக்க வேண்டும். தண்ணீர் இல்லாத இடத்தில் துடைக்காமல் விட்டுவிடுவதே மேல்.

மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து மினுக்குவோரும் உண்டு. அன்றைக்குப் பளபளக்கும்; அதோடு மேலே இருக்கும் மெழுகையும் கரைத்துக்கொண்டு போகும். தேங்காயெண்ணெய் பூசினால் தூசு மேலும் ஒட்டும்.

கழுவும் முறை

வாகனத்தை நிழலில் நிறுத்தி, பொனற் ஆறிய பின்னரே கழுவுங்கள். காலையோ மாலையோ உகந்தது. முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து ஊற்றி மண்ணை இறக்குங்கள். உடுப்புக் கழுவும் சவர்க்காரத் தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டாம். அவை மெழுகை உரித்துவிடும். வாகனத்துக்கான ஷாம்பு ஒரு போத்தல் பல மாதங்களுக்குப் போதும்.

இரண்டு வாளிகள் வையுங்கள். ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு பகுதியைக் கழுவியதும் துணியை வெறும் தண்ணீரில் அலசி, மண்ணை விட்டுவிட்டு, பின்னர் ஷாம்புவில் தோய்க்க வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி வாருங்கள். சில்லுகளுக்கு வேறு துணி. இறுதியில் மைக்ரோபைபர் துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். கிணற்றுத் தண்ணீர் கடினமாக உள்ள ஊர்களில் இது மிக முக்கியம். தானாகக் காயவிட்டால் தண்ணீரிலுள்ள உப்புகள் வெள்ளைப் புள்ளிகளாகப் படிந்து, வெயிலில் இறுகிவிடும்.

குழாயைத் திறந்து ஓடவிட வேண்டியதில்லை. நான்கைந்து வாளித் தண்ணீரில் ஒரு காரைத் தாராளமாகக் கழுவலாம்.

மெழுகு என்ன செய்யும்?

வெக்ஸ் எனப்படும் மெழுகு பற்றிப் பலருக்கு அளவுக்கு மிஞ்சிய நம்பிக்கை இருக்கிறது. அது வெயிலுக்குக் குடை பிடிக்காது. ஆனால் எச்சமும் அழுக்கும் உப்பும் கிளியரோடு நேரடியாக ஒட்டாமல் தடுக்கும், கழுவுவதும் இலகுவாகும். பிரேசில் நாட்டுப் பனை வகையொன்றின் ஓலையிலிருந்து எடுக்கப்படும் கர்னௌபா மெழுகு எமது வெயிலில் ஒன்றிரண்டு மாதங்கள் நிற்கும். செயற்கைப் பூச்சுகள் சற்று அதிக காலம் நிற்கும். தண்ணீர் ஊற்றும்போது முத்து முத்தாக உருளாமல் படர்ந்து நின்றால், மீண்டும் பூச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். செரமிக் பூச்சு பல வருடங்கள் நிற்கும் என்பார்கள். அதற்குச் செலவு அதிகம். பூசிய பின்பும் கழுவும் முறையில் கவனம் தேவை.

வெயிலுக்கு மருந்து நிழல்தான். கராஜ் இல்லாதவர்கள் நான்கு கம்பு நட்டு மேலே கிடுகு வேய்ந்தாலே போதும். இடமில்லாவிட்டால், பிற்பகலில் வீட்டுச் சுவரின் கிழக்குப் பக்கம் நிறுத்துங்கள். தென்னைக்குக் கீழும் பறவைகள் அடையும் மரத்துக்குக் கீழும் வேண்டாம். உறை போடுவதாயின் காற்றுப் புகும் துணி உறையையே, கழுவிய வாகனத்தின் மேல் போடுங்கள். பிளாஸ்ரிக் விரிப்பு ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கும். தூசின் மேல் போட்ட உறை காற்றில் அசையும்போது தேய்த்துக்கொண்டே இருக்கும்.

கட் அன்ட் பொலிஷ்

வாகனம் மங்கியதும் நாம் ஓடுவது கட் அன்ட் பொலிஷுக்குத்தான். அது மந்திரமல்ல. கீறலுள்ள மேற்பரப்பைச் சீவி எடுத்து, கீழுள்ள புதிய பரப்பை வெளிக்கொண்டு வருவதுதான். ஒவ்வொரு முறையும் கிளியர் மெலிகிறது. எனவே தேவை கண்டு, சில வருடங்களுக்கு ஒரு முறை, கைதேர்ந்த ஒருவரிடம் செய்வதே போதுமானது. ஆறு மாதத்துக்கொரு முறை செய்பவர், பணம் கொடுத்துத் தன் வாகனத்தின் தோலை உரிக்கிறார். கிளியர் ஏற்கனவே வெண்மையாகி உரியத் தொடங்கிவிட்டால் எந்தப் பொலிஷும் அதை மீட்காது. அந்தப் பகுதிக்குப் புதிதாகப் பெயின்ட் அடிப்பதே வழி.

விற்பனை பற்றியும் ஒரு வார்த்தை. துருவின் மேல் பட்டி வைத்து, மேலோட்டமாகப் பெயின்ட் அடித்து, "அப்படியே ஒரிஜினல் பெயின்ட்" என்று விற்பது எம்மிடையே சாதாரணமாகி விட்டது. குறையை மறைத்து விற்பது மார்க்கத்தில் கூடாது என்பது எல்லோரும் அறிந்ததே. எந்தப் பகுதிக்கு, ஏன் பெயின்ட் அடித்தோம் என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். வாங்குபவரும் வாகனத்தைப் பகல் வெளிச்சத்தில், கழுவிக் காய்ந்த பின்னர் பார்க்கட்டும். ஈர வாகனத்தில் எல்லா நிறமும் அழகாகவே தெரியும்.

எனவே, இந்த வாரம் பெருஞ்செலவு எதுவும் செய்ய வேண்டாம். உலர்ந்த துணியை ஒதுக்கி வையுங்கள், இரண்டாவது வாளியொன்றை எடுங்கள், வாகனம் நண்பகலில் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். முன்விளக்குகள் மஞ்சளாகி மங்குவது பற்றி, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் பார்ப்போம்.