பொதுவெளியில் கிடந்தாலும் அவரவர் தகவல் அவரவருக்கே

2021 மார்ச்சில், சட்டமன்றத் தேர்தல் நெருங்கிய நேரம், புதுச்சேரி வாக்காளர்கள் பலரின் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதிலிருந்த இணைப்பைத் தொட்டால், அவரவர் வாக்குச்சாவடிக்கென்றே பாரதிய ஜனதா கட்சி தொடங்கிய வாட்ஸ்அப் குழு திறந்தது. ஆதாருடன் இணைத்த எண்களுக்கு மட்டுமே இது வந்ததாகச் சொல்லி, இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தின் புதுச்சேரி நிர்வாகி சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். எங்கள் தொண்டர்கள் திரட்டிய எண்கள் என்றது அந்தக் கட்சி. எங்களிடமிருந்து எதுவும் கசியவில்லை என்றது ஆதார் ஆணையம். தலைமை நீதிபதி சஞ்சீப் பானர்ஜி அமர்வு புகாரைத் தள்ளிவிடாமல், விசாரணை தேவை என்றது.

எண் எந்த வழியில் போனது என்பதோடு கேள்வி முடிந்துவிடவில்லை. பெயர், வாக்குச்சாவடி, கைபேசி எண் மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தபின், அந்த ஆள் முகநூலில் வெளிப்படையாகப் போட்டதையெல்லாம் அதோடு கோக்கலாம். அவர் யார், எதற்கு அஞ்சுவார், எதைக் கேட்டால் மனம் மாறுவார் என்று கணிக்கலாம். 2013இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் சுமார் 58,000 பேரின் முகநூல் 'லைக்'குகளை மட்டும் வைத்து ஒருவரின் இயல்புகளைக் கணித்துக் காட்டினார்கள். கிறிஸ்தவர் யார், முஸ்லிம் யார் என்பதை அந்தக் கணிப்பு 82 விழுக்காடு சரியாகப் பிரித்தது. அவர்கள் மதத்தை எங்கும் எழுதியிருக்க வேண்டிய தேவையே இல்லை.

புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலில் இதன் கனம் அதிகம். மாவட்டத்துக்கு மொத்தம் ஐந்தே தொகுதிகள். 2016இல் காரைக்கால் தெற்குத் தொகுதியின் வெற்றி தோல்வியை முடிவுசெய்தது வெறும் 20 வாக்கு. இவ்வளவு சிறிய ஊரில் ஒரு தெருவைக் கணித்தால் போதும், ஆளையே அடையாளம் காட்டிவிடலாம். கணிப்பு தவறினாலும் கேடுதான். மாங்கனித் திருவிழாப் படத்தையும் மஸ்தான் சாகிப் தர்கா கந்தூரிப் படத்தையும் ஒரே ஆள் பகிர்வது இங்கே சாதாரணம். கணினி அவரை ஏதாவது ஒரு பெட்டிக்குள் போட்டு அடைத்துவிடும். தன்னை எந்தப் பெட்டியில் போட்டார்கள் என்பது அவருக்குத் தெரியவே போவதில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்னார்கள். ஆனால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தானே பொதுவில் வெளியிட்ட தகவலைத் தன் வரம்பிலிருந்தே விலக்கிவிட்டது. குழந்தைகளின் நடத்தையைக் கண்காணிக்கத் தடை போட்ட அதே சட்டத்தில் பெரியவர்களுக்கு அப்படியொரு தடை கிடையாது. பேத்தியின் பிறந்தநாள் படத்தை உறவுக்காரர்கள் பார்க்கட்டும் என்று போட்ட பாட்டி, தன்னை அளந்து பார்க்க யாருக்கும் அனுமதி தரவில்லை. இந்த விலக்கு நீக்கப்பட வேண்டும் என்பதே இந்த அறிக்கையை வெளியிடும் அமைப்பின் உறுதியான நிலைப்பாடு. ஒருவரைப் பற்றி ஊகித்துப் பெற்ற முடிவும் அவருடைய தனிநபர் தகவலாகவே கருதப்பட வேண்டும். அவர் கேட்டால், அதை வைத்திருப்பவர் காட்டவும் அழிக்கவும் வேண்டும்.

எல்லாக் கணிப்பையும் இந்த அமைப்பு எதிர்க்கவில்லை. 2004 சுனாமியில் உயிர்களைப் பறிகொடுத்த கடற்கரை இது. புயல் நேரத்தில் எந்தக் குப்பத்திலிருந்து எத்தனை பேர் வெளியேறக்கூடும் என்று பெயரில்லாத் தொகுப்புத் தரவிலிருந்து மதிப்பிடுவதை அமைப்பு வரவேற்கிறது. அங்கே எந்தத் தனி ஆளும் குறிவைக்கப்படுவதில்லை.

தேர்தலுக்காக ஆட்களைக் கணிப்பதையோ கேட்பாரே இல்லை. வேட்பாளர் தன் சொத்தையும் வழக்குகளையும் வேட்புமனுவோடு உறுதிமொழிப் பத்திரத்தில் தருகிறார். வாக்காளர்களின் எண்கள் எங்கிருந்து வந்தன, அவர்களைத் தரம் பிரித்த நிறுவனம் எது, அதற்குக் கொடுத்த தொகை எவ்வளவு என்பதையும் அதே பத்திரத்தில் எழுதித் தரத் தேர்தல் ஆணையம் உத்தரவிட வேண்டும். காரைக்காலின் ஐந்து தொகுதிகளிலும் போட்டியிடும் கட்சிகள், உத்தரவு வரும்வரை காத்திராமல், இந்த விவரங்களைத் தாமாகவே வெளியிட வேண்டும் என்று இந்த அமைப்பு கேட்டுக்கொள்கிறது.