நீடித்து உழைக்க வேண்டியது பேனாவா, எழுத்தா?

ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும், ஆய்வில் புதிதாகச் சேர்ந்த தம்பி தங்கையரில் எவரேனும் ஒருவர் என்னிடம் கேட்கும் கேள்வி இது: “அக்கா, தினமும் எழுதுவதற்கு, நெடுநாள் உழைக்கும் மைப்பேனா ஒன்று சொல்லுங்கள்.” நான் வாய் திறப்பதற்குள் மூத்தவர் ஒருவர் முந்திக்கொள்வார். அவர் விடை எப்போதும் மூன்றே கூறுகளில் அடங்கிவிடும்: உலோக உடல், தங்க முள், பெயர்பெற்ற வெளிநாட்டு நிறுவனம். இம்மூன்றில் ஒன்றுகூட நீடித்த உழைப்புக்கு உறுதியளிப்பதில்லை என்பதே என் வாதம். உதவித்தொகை எந்த மாதம் வரும் என்று தெரியாத மாணவரை இந்த விடை வீண்செலவில் தள்ளுகிறது என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உலோகம். பேனா கீழே விழும்போது உடைவது பெரும்பாலும் உடலன்று, முள்தான் வளைகிறது. பித்தளை உடலின் கனம் அந்த அடியை மிகுதிப்படுத்துமேயன்றிக் குறைக்காது. லாமி நிறுவனத்தின் ‘2000’ என்னும் பேனா 1966இல் வந்தது. அதன் உடல் பாலிகார்பனேட். அதே நிறுவனத்தின் ‘சஃபாரி’ 1980இல் வந்தது. அதன் உடல் ஏபிஎஸ் பிளாஸ்டிக். இரண்டும் இன்றளவும் விற்பனையில் உள்ளன. உலோகமே உறுதி என்று நம்புவோர் இவற்றுக்கு என்ன விளக்கம் தருவர்?

இரண்டாவது தங்கம். 14 காரட் முள்ளில் தங்கம் 58.5 விழுக்காடு. தங்கம் துருப்பிடிக்காது, அமிலத்துக்கு அசையாது. மைகள் அமிலத்தன்மையோடு இருந்து, துருப்பிடிக்காத எஃகு முள் பரவலாகாதிருந்த காலத்தில் இது மெய்யான பயன். ஆனால் தாளை உரசுவது தங்கமன்று. தங்க முள்ளாயினும் நல்ல எஃகு முள்ளாயினும் அதன் நுனியில் மிகக் கடினமான வேறோர் உலோகக் கலவையின் சிறு மணி பற்றவைக்கப்பட்டிருக்கும், தேய்வது அம்மணிதான். தங்கத்துக்குக் கொடுக்கும் பணம் கைக்கு ஒரு மென்மையைத் தரலாம், ஆயுளைத் தராது.

மூன்றாவது நிறுவனப் பெயர். முதுகலை முடித்தவுடன் பணம் சேர்த்து நானும் அப்படியொரு பேனா வாங்கினேன். நூலக மேசையிலிருந்து உருண்டு விழுந்து முள் வளைந்தது. பழுதுபார்க்கும் இடத்தில் முள்ளை மட்டும் தனியாகத் தரமாட்டோம் என்றனர். முன்பகுதி முழுவதையும் மாற்ற வேண்டுமாம். அதற்கான விலையோ புதுப் பேனாவின் விலையை நெருங்கியது. என் பேனாவின் உடலில் ஒரு கீறலும் இல்லை. ஆயினும் அது செத்துப்போன பேனா. நீடித்த உழைப்பு என்பது பொருளின் கடினத்தில் இல்லை, அதைத் திரும்பச் சரிசெய்யும் வழியில் இருக்கிறது என்று அன்று விளங்கியது.

நான் இப்போது எழுதுவது கோதாவரிக் கரையிலுள்ள ராஜமகேந்திரவரத்தில் கடைசல் பிடித்த எபோனைட் பேனா. எபோனைட் என்பது கந்தகம் மிகுதியாகச் சேர்த்து இறுக்கிய ரப்பர். அவ்வூரில் 1930களிலிருந்தே இத்தொழில் நடக்கிறது. அங்கிருந்து சென்ற ரத்னம் பேனாவைப் பெற்றுக்கொண்டு காந்தி 1935இல் பாராட்டுக் கடிதம் எழுதினார். ஆனால் நான் சுதேசிப் பெருமை பேச வரவில்லை, அமைப்பைப் பேசுகிறேன். இப்பேனாவில் முள்ளும், அதற்கு மை கொண்டுவரும் நாக்கும் வெறும் இறுக்கத்தால் நிற்கின்றன. கையால் இழுத்தால் வந்துவிடும், கழுவலாம், மாற்றலாம். மை ஊற்ற ஒரு ஃபில்லர் போதும். கார்ட்ரிட்ஜ் தேடிக் கடை கடையாக அலைய வேண்டியதில்லை.

குறைகளையும் மறைக்கலாகாது. மை பாதிக்குக் கீழே போனால், கைச்சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து ஒரு சொட்டு மையைத் தாளில் தள்ளிவிடும். பாதியிலேயே நிரப்பிக்கொள்வதுதான் தீர்வு. எபோனைட் வெயிலிலும் ஈரத்திலும் நிறம் மங்கும். கையால் செய்வதால் ஒன்றுபோல் மற்றொன்று இராது. கடையிலேயே தோய்த்து எழுதிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இவற்றைப் பொறுக்க இயலாதவர், முள்ளைத் தனியே மாற்றக்கூடிய வேறு எந்தப் பேனாவையும் வாங்கலாம். என் சண்டை நாட்டோடு அன்று, திறக்க முடியாத பேனாவோடு.

இதுவரை சொன்னதெல்லாம் வாதத்தின் பாதிதான். மறுபாதி மை.

ஆதிலாபாத் மாவட்டத்தில் கோலாமி மொழிக்காகக் களப்பணி செய்துகொண்டிருந்தேன். முதியவர் ஒருவர் என்னை அழைத்துக்கொண்டு புதர்களுக்கிடையே நடந்தபடியே செடிகளின் பெயர்களைச் சொன்னார். ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் பெயர் எந்தச் செடிக்கு என்பதை, இலையின் வடிவத்தை வரைந்து, குறிப்பேட்டில் எழுதினேன். திரும்பும் வழியில் மழை. பை நனைந்தது, ஏடு நனைந்தது. நான் பயன்படுத்திய நீல மை நீரில் கரையும் சாயம். பதினொரு பக்கங்கள் வெளிறிய நீலக் குளங்களாயின. ஒலிப்பதிவு பழுதின்றி இருக்கிறது. அதில் அவர் தெளிவாகச் சொல்கிறார்: “இது இன்னது, அது இன்னது.” ‘இது’ எது, ‘அது’ எது என்பது தாளில் மட்டுமே இருந்தது. சுட்டுப்பெயர்களைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். சுட்டப்பட்ட பொருளை இழந்துவிட்டு நின்றேன். அன்று என் பேனா நன்றாகத்தான் உழைத்தது. எழுத்துத்தான் உழைக்கவில்லை.

நீரில் அழியாத மை புதுக் கண்டுபிடிப்பன்று. ஆந்திரத்துக் கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு துவைத்தாலும் போகாமல் நிற்பது எதனால்? கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து இழையில் கறுப்பாக இறுகுவதால். கலம் என்றால் எழுதுகோல். பெயரிலேயே பேனா இருக்கிறது. இரும்புத் துவர்ப்பு மையும் இதே வேதியியல்தான்: எழுதும்போது வெளிறியிருக்கும், காற்றுப் பட்டுத் தாளிலேயே கறுத்து நிலைக்கும். நுண்துகள் கொண்ட நிறமி மைகள் வேறொரு வகை. அவையும் உலர்ந்தபின் நீருக்கு அசையா. ஆனால் இரண்டுக்கும் பேனாவைக் கழுவும் ஒழுக்கம் வேண்டும். முன்னதன் அமிலம் மட்டமான எஃகை அரிக்கும். பின்னது உள்ளே உலர்ந்தால் நாக்கை அடைத்துவிடும். ஆகவேதான் எளிதில் பிரிக்கக்கூடிய பேனாவை இவ்வளவு வற்புறுத்துகிறேன். எழுத்து நிலைக்க நல்ல மை வேண்டும். நல்ல மைக்குத் திறக்கும் பேனா வேண்டும். இரண்டும் ஒரே கேள்வி.

“மடிக்கணினிக் காலத்தில் இதெல்லாம் எதற்கு?” என்பார்க்கு ஒரு சொல். புதர் நடுவே நின்றுகொண்டு, ஒலிக்குறியீடுகளுக்கு மேலும் கீழும் நுண்குறிகள் இட்டு, பக்கத்தில் ஓர் இலையும் வரைந்து தட்டச்சு செய்து காட்டுங்கள்; மறுநாளே நானும் பேனாவை விட்டுவிடுகிறேன்.

ஆகவே தம்பி தங்கையரே, கடைக்குச் சென்றால் விலையையும் பெயரையும் பின்னர் கேளுங்கள். முதலில் மூன்று கேள்விகள். இதை நானே பிரித்துக் கழுவ முடியுமா? முள் மட்டும் தனியாகக் கிடைக்குமா? மூடியைத் திருகி மூடிவைத்து ஒரு வாரம் கழித்து எடுத்தால் உடனே எழுதுமா? மை வாங்கியதும் ஒரு வரி எழுதி, ஒருநாள் உலரவிட்டு, அத்தாளைக் குழாயடியில் பிடியுங்கள். தாளில் மிஞ்சுவது எவ்வளவோ, உங்கள் ஆய்விலும் அவ்வளவே மிஞ்சும்.

மூத்தவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கருத்தரங்கப் பையில் ஒவ்வொரு முறையும் ஒரு பேனா வைத்துத் தருகிறீர்கள். மூன்றாம் அமர்விலேயே அது குப்பைக்குப் போகிறது. அதற்கு மாறாக, புதிதாய்ச் சேரும் மாணவருக்கு ஒரு புட்டி அழியாத மை கொடுங்கள். அதைக் கொண்டு எழுதியவை அவர்களுடைய முனைவர் பட்டத்துக்குப் பின்னும் படிக்கும்படி இருக்கும்.