டிராக்டரில் ஏறினேன், பாடம் கற்றேன்

"ஏண்டி, இந்த முட்டி வலியோட டிராக்டர்ல ஏறப் போறியா?" என்று கேலி செய்தார் என் கணவர். 2018 ஜனவரியில் நியூசிலாந்தில் மகள் வீட்டில் இருந்தபோது நடந்தது இது.

நேப்பியர் நகருக்குத் தெற்கே 'கேப் கிட்னாப்பர்ஸ்' என்றொரு கடல்முனை. ஒரு பக்கம் செங்குத்தான மண்சுவர், மறு பக்கம் பசிபிக் கடல். நடுவில் உள்ள மணல்தான் பாதை. அதுவும் கடல் உள்வாங்கும் நேரத்தில்தான் கிடைக்கும். அதனால் டிராக்டரின் பின்னால் பெஞ்சு போட்ட வண்டியைக் கோத்து, வழிகாட்டி ஒருவர் எங்களை அழைத்துப் போனார்.

மண், கூழாங்கல், எரிமலைச் சாம்பல், சிப்பி எல்லாம் அந்தச் சுவரில் பீரோவில் அடுக்கிய புடவைகள் போல அடுக்கடுக்காகத் தெரிந்தன. பூகம்ப பூமி அது. 1931-ல் அந்த வட்டாரத்தில் வந்த பூகம்பத்தில் 256 பேர் இறந்திருக்கிறார்கள்.

பெயர்க் காரணத்தைக் கேட்டபோது மனசு கனத்தது. 1769 அக்டோபரில் கேப்டன் குக்கின் கப்பலில் வந்த தயாதா என்ற தஹிதிச் சிறுவனை, மாவோரிகள் தங்கள் படகுக்குள் இழுத்துக்கொண்டார்களாம். கப்பலிலிருந்து சுட்டதில் மாவோரிகளில் சிலர் உயிரிழக்க, பையன் கடலில் குதித்து நீந்தித் தப்பினான். 'பிள்ளை பிடிக்கிறவர்கள் முனை' என்று குக் பெயர் வைத்துவிட்டார். 'நம்மைப் போன்ற பிள்ளை அவர்களிடம் சிக்கியிருக்கிறானே' என்று மாவோரிகள் மீட்க நினைத்திருக்கலாம் அல்லவா? மறு வருடமே பட்டேவியாவில் நோய் கண்டு இறந்துபோனான் தயாதா. அவனைப் பெற்றவளை நினைத்துக்கொண்டேன்.

டிராக்டர் நின்ற இடத்திலிருந்து மேட்டில் ஏறி நடக்க வேண்டும். நின்று நின்று ஏறினேன். மேலே ஆயிரக்கணக்கில் கேனட் பறவைகள்! வெள்ளை உடம்பு, மஞ்சள் தலை, மை தீட்டினாற்போல் கண். ஜோடிக்கு ஒரே ஒரு முட்டை. அதை ஆணும் பெண்ணும் முறை போட்டு அடைகாக்கின்றன. குஞ்சு வளர்ந்ததும் முதல் பயணமே கடல் தாண்டி ஆஸ்திரேலியாவுக்கு! மகளை வெளிநாடு அனுப்பிய எனக்கு அது புரியாதா?

"இன்னும் அரை மணி நேரம் இருக்கலாமே" என்று கெஞ்சினேன். அலை ஏறிவிடும் என்று மறுத்துவிட்டார் வழிகாட்டி. வரும் வழியில் சுவரில் தெரிந்த சிப்பியைத் தொடப் போனபோதும், கிட்டே போகக்கூடாது என்றார். 'ரொம்பத்தான் கண்டிப்பு' என்று முணுமுணுத்தேன்.

மறு வருடம், 2019 ஜனவரியில், மகள் போனில் சொன்ன செய்தி கேட்டு ஆடிப்போனேன். அதே கரையில் மண்சுவர் சரிந்து, நடந்து போன சுற்றுலாப் பயணிகள் இருவர் கடலில் தள்ளப்பட்டுக் காயமடைந்தார்களாம். டிராக்டர் சவாரியையும் அப்போது நிறுத்திவிட்டார்கள். அந்த வழிகாட்டியை மனசுக்குள் கையெடுத்துக் கும்பிட்டேன்.

தோழிகளே, வயசாச்சு, முட்டி வலி என்று வீட்டிலேயே முடங்காதீர்கள். ஆனால் போகிற இடத்தில், 'ஒரே ஒரு போட்டோ, ரெண்டே நிமிஷம்' என்று வழிகாட்டியிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். அந்த மண்ணும் அலையும் நம்மைவிட அவர்களுக்குத்தான் தெரியும். நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்.