துவக்குக் கேட்கும் முன் வேலி கேட்போம்

கடந்த பாடசாலை விடுமுறையில் எங்கள் கிளையிலிருந்து மூன்று பேர் உருத்திரபுரம் போய் வந்தோம். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வன்னிக்குப் போன எங்கள் உறவுகள் அங்கே இருக்கிறார்கள். இரணைமடுத் தண்ணீரில் நெல் விளைகிறது. மேட்டுக் காணியில் கச்சான் போடுகிறார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்த அன்று இரவு மாமாவின் கச்சானைப் பன்றிகள் கிண்டிவிட்டுப் போய்விட்டன. விடியற்காலை வரம்பில் குந்தியிருந்த மாமா, "ஒரு துவக்கு இருந்தா இந்தக் கதி வருமா?" என்று கேட்டார்.

தோழர்களே, இந்தப் பேச்சு எங்கள் தோட்டங்களிலும் இருக்கிறது. லயத்துக்குப் பின்னால் போட்ட மரக்கறியைப் பன்றி தின்கிறது. கொழுந்து மலையில் சிறுத்தை நிற்கிறது. இரவில் திருடர் பயம். "ஆளுக்கொரு துவக்கு இருக்கவேண்டும்" என்று எங்கள் பொடியன்மாரும் சொல்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

மாமாவின் கோபம் நியாயமானது. ஒரு போகம் போனால் அடுத்த போகம் கடனில்தான் தொடங்கும். அவர் கேட்பதும் சட்டத்துக்குப் புறம்பானதல்ல. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், பயிரைக் காக்க விவசாயிக்குத் துவக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்க இடமுண்டு. ஆனால் அது யார் கைக்கு வரும்? காணியும் காசும் ஆள் தொடர்பும் உள்ளவருக்கு வரும். லயத்து அறைக்கே உறுதி இல்லாத நாங்கள் எந்தப் பயிர்நிலத்தைக் காட்டி விண்ணப்பிப்பது?

அனுமதி கிடைக்காதவர்கள் கட்டுத்துவக்குக்குப் போகிறார்கள். ஒரு குழாய், கொஞ்சம் வெடிமருந்து, பாதைக்குக் குறுக்கே ஒரு நூல். அந்த நூலுக்குப் பன்றி யார், விறகு பொறுக்கப் போகும் பெண் யார் என்று தெரியாது. மாமாவின் அயலில் ஒருவர் மாடு தேடிப் போய்க் காலில் வெடி வாங்கியவர். இன்றும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். அதைக் கட்டியவர் அவருடைய சொந்த மச்சான்.

"சிறுத்தை வந்தால் என்ன செய்வது?" என்று கேட்பார்கள். 2018 ஜூனில், உருத்திரபுரத்துக்குக் கிட்ட இருக்கும் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் சிறுத்தை ஊருக்குள் வந்தது. வனஜீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர் ஒருவர் உட்படப் பத்துப் பேரளவில் காயப்பட்டார்கள். கடைசியில் சனங்கள் பொல்லால் அடித்தே அதைக் கொன்றார்கள். பிறகு பொலிஸ் வந்து ஊராரைப் பிடித்தது. அன்று அங்கே நாலு துவக்கு இருந்திருந்தால், பதறி ஓடும் சனத்துக்குள் யாருக்கு வெடி பட்டிருக்கும்? மயக்க ஊசியோடு ஒரு குழு நேரத்துக்கு வந்திருந்தால் சனமும் பிழைத்திருக்கும், சிறுத்தையும் பிழைத்திருக்கும், ஊரார் வழக்குக்கு அலைந்திருக்கவும் மாட்டார்கள்.

துவக்கு, பன்றிவெடி, களவாக இழுத்த மின்கம்பி எல்லாம் இந்த நாட்டில் தாராளமாக இருக்கின்றன. அப்படியிருந்தும் 2023ஆம் ஆண்டில் மட்டும் 450க்கும் மேற்பட்ட யானைகளும், யானை தாக்கி 150க்கும் மேற்பட்ட மனிதர்களும் செத்தார்கள். ஆயுதம் கூடியதால் யாருக்குப் பாதுகாப்புக் கூடியது?

திருடனுக்கும் சண்டியனுக்கும் துவக்கு வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 பெப்ரவரி 19ஆம் திகதி, கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில், சட்டத்தரணி வேடத்தில் வந்த ஒருவன் கூண்டில் நின்ற கைதியைச் சுட்டுக் கொன்றான். காவலர்கள் நிறைந்த இடத்திலேயே துவக்கால் ஓர் உயிரைக் காக்க முடியவில்லை. எங்கள் வீடு எப்படிப்பட்டது? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா. அதற்குள்தான் அடுப்பு, பிள்ளைகள், சம்பள நாள் இரவில் குடித்துவிட்டு வரும் மனிதர். அங்கே துவக்கை எந்த அலுமாரியில் பூட்டி வைப்பது? எங்கள் வகுப்பறையில் இருக்கும் பிள்ளைகளின் முகத்தை நினைத்துத்தான் இதைக் கேட்கிறோம்.

துவக்கு எந்தப் பக்கம் பார்க்கும் என்பது தோட்டத்து மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயாவில் கோவிந்தன், 1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன். இருவரும் பொலிஸ் சூட்டில் விழுந்தார்கள். அதற்குப் பிறகும் எங்கள் மக்கள் உரிமை கேட்டது சங்கத்தில் சேர்ந்தும் வேலையை நிறுத்தியும்தான்.

அன்று காலை மாமா துவக்குப் பேச்சை எடுத்தபோது மாமி அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். 2009 வரை அந்த மண்ணில் நடந்தது முழுவதையும் பார்த்தவர். "பண்டி தின்னது போக மிச்சம் இருக்கு. துவக்குத் தின்னது போக எங்களுக்கு என்ன மிச்சம் இருந்திச்சு?" என்றார். மாமா பதில் சொல்லவில்லை.

ஆகவே துவக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. கேட்க வேண்டியவற்றைக் கேட்போம். யானை வேலி போட்டால் போதாது, அதைப் பராமரிக்க ஆளும் காசும் வேண்டும். பன்றியும் குரங்கும் அழித்த பயிருக்கு, லயத்துத் தோட்டம் உட்பட, நட்டஈடு வேண்டும். வன்னியிலும் மலையிலும் மயக்க ஊசியோடு இரவு பகலாக வரக்கூடிய குழு வேண்டும். காடாகிப்போன தேயிலை மலைகளைக் கம்பனிகள் துப்புரவு செய்ய வேண்டும், லயத்துப் பாதைகளுக்கு வெளிச்சம் போட வேண்டும். கட்டுத்துவக்கும் கம்பிக் கண்ணியும் வைத்திருப்பவர்கள், வழக்குக்குப் பயப்படாமல் ஒப்படைக்க ஒரு வழி வேண்டும்.

துவக்குக் கேட்கிறவன் தன் பாதுகாப்பைத் தானே பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்கிறான். அதற்குப் பிறகு அரசும் கம்பனியும் ஏன் வரப்போகின்றன? அடுத்த மாதக் கிளைக் கூட்டத்தில் இதைப் பேச்சுக்கு எடுப்போம். எங்களோடு உடன்படாதவர்கள் கட்டாயம் வாருங்கள். மாமாவும் தன் பக்கத்தை எழுதி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார், அதையும் கூட்டத்தில் வாசிப்போம்.