ஊற்றடியில் தொடங்கும் பயிற்சி

தீர்த்தமலையின் பாறைகளில் கசியும் நீரை இராமர் தீர்த்தம், குமார தீர்த்தம் எனப் பெயரிட்டுப் போற்றினர் நம் முன்னோர். அம்மலை நிற்கும் தருமபுரி மாவட்டத்திலோ, பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் வருத்தியது. 2013ஆம் ஆண்டு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொணர்ந்தது. அதற்கு ஜப்பான் கடனுதவி அளித்தது. அண்டை மாநிலத்தில் எதிர்ப்பும் எழுந்தது. ஆகவே, ஒரு குடம் நீரில் சூழலியலும் உலக உறவும் அமைதியும் அடங்கியுள்ளன.

இத்துறைகளின் கொள்கை வகுப்பில் இளையோர் பயிற்சி பெறுதல் இன்றியமையாதது. அமைதிப் பணியில் அவர்களுக்குப் பங்களிக்க வேண்டும் என ஐ.நா. பாதுகாப்பு அவை 2015ஆம் ஆண்டு 2250ஆம் தீர்மானத்தில் வலியுறுத்தியது. ஆயினும், ஐ.நா. தலைமைச் செயலகம் தன் உள்ளுறைப் பயிற்சிக்கு ஊதியம் வழங்குவதில்லை; பயணமும் தங்குமிடமும் பயில்வோர் பொறுப்பே. அனுபவமே ஊதியம் என்பர் சிலர். அனுபவம் வாடகை செலுத்துமா? வறட்சியைப் பட்டறிந்த உழவர் வீட்டு மகள் வெளியே நிற்க, வசதியுடையோர் மட்டுமே உள்ளே நுழைவர். இழப்பு அவளுக்கு மட்டுமன்று, அக்கொள்கைக்கும்தான்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டம் இளம் பட்டதாரிகளை ஊதியத்துடன் மாவட்டங்களில் பணியமர்த்துகிறது. இவ்வழியில், கல்லூரி மாணவர்க்கும் உதவித்தொகையுடன் கூடிய பயிற்சி மாவட்டந்தோறும் அமைய வேண்டும்.

மாணவர்களே! அதுவரை காத்திருக்க வேண்டா. உங்கள் ஊர்க் கிணற்றின் நீர்மட்டத்தை மாதந்தோறும் குறித்து வையுங்கள். நீர்ப் பிணக்குகள் எவ்வாறு தீர்ந்தன என்று முதியோரிடம் கேளுங்கள். நாளை எந்த அவையில் அமர்ந்தாலும் அக்குறிப்பேடு உங்களுக்குத் துணைநிற்கும்.